பணமும் பாதையும் சுவரும்: தஞ்சைக்கு வந்த மரியான் நார்த்

1877ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் ஆங்கிலேயப் பெண் தஞ்சாவூருக்கு வந்தார். வயது நாற்பத்தேழு. மணம் செய்துகொள்ளாதவர். உடன்வர ஆண்துணை யாரும் இல்லை. இலங்கை வழியாக வந்து தூத்துக்குடியில் இறங்கி, மதுரையைப் பார்த்துவிட்டுக் காவிரிக் கரைக்கு வந்திருந்தார். மூட்டை முடிச்சுகளில் முக்கியமானவை வண்ணங்களும் தூரிகைகளும். பெரிய கோயிலை வரைந்தார். இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகொடிகளை வரையத் திட்டமிட்டார். அவர் பெயர் மரியான் நார்த்.

பெண்களின் பயண வரலாற்றில் நார்த்துக்கு இன்று உயர்ந்த இடம் இருக்கிறது. தனியாக உலகைச் சுற்றியவர், எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை ஒரே கட்டடத்தில் விட்டுச் சென்றவர் என்று போற்றுகிறார்கள். போற்றத்தக்கவர்தான். ஆனால் ஒரு பெண் தான் கண்டதைத் தன் பெயரிலேயே நிலைநிறுத்த என்னென்ன தேவைப்பட்டன என்ற கேள்வியோடு அவரைப் படித்தால், அவர் வாழ்க்கையில் மட்டுமின்றி, அவர் வந்துபோன தஞ்சைச் சீமையிலும் விடைகள் கிடைக்கின்றன. இக்கட்டுரை அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது.

பூ வரையும் பெண்கள்

விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில், வசதியான வீட்டுப் பெண்ணுக்குப் பூ வரையத் தெரிந்திருக்க வேண்டும். பியானோ, பூத்தையல், நீர்வண்ணத்தில் ஒரு ரோஜாக்கொத்து என இவையெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்க்கும் தகுதிகள். அந்தத் தகுதி தொழிலாகவோ அறிவாகவோ மாறிவிடக் கூடாது என்பதும் எழுதப்படாத விதி. லண்டன் ராயல் அகாதமி 1768இல் தொடங்கப்பட்டபோது நிறுவன உறுப்பினர்களில் ஆஞ்சலிக்கா காஃப்மன், மேரி மோசர் என இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு இன்னொரு பெண்ணை இணை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்க அகாதமிக்கு 1922 வரை ஆனது. தாவரவியலாளர்களின் லின்னேயன் சங்கமோ 1904 வரை பெண்களை உறுப்பினராக்கவில்லை. பூவைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் பூவைப் பற்றிய அறிவை ஆண்கள் வைத்துக்கொண்டார்கள்.

பம்பாயில் பிறந்த மட்டில்டா ஸ்மித்தின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1878 முதல் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் 'கர்ட்டிஸ் தாவரவியல் இதழு'க்காக 2,300க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தார். க்யூ தாவரவியல் பூங்கா அவரைத் தன் அதிகாரபூர்வ ஓவியராக ஏற்றது 1898இல். இருபது ஆண்டு வேலைக்குப் பிறகுதான் பதவிக்கு ஒரு பெயர் கிடைத்தது.

மரியான் நார்த் இதே மண்ணில்தான் வளர்ந்தார். 1830இல் ஹேஸ்டிங்ஸில் பிறந்தார். தந்தை ஃபிரெடெரிக் நார்த் அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர். மகள் முதலில் விரும்பியது இசையை, குரல் கைகொடுக்கவில்லை. பிறகு பூ ஓவியர்களிடம் பாடம் கேட்டு நீர்வண்ணத்தில் தேர்ந்தார். 1855இல் தாய் இறக்கும்போது, அப்பாவை விட்டுப் பிரிவதில்லை என்று மகளிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். இருபத்தைந்து வயதுப் பெண்ணை வீட்டோடு கட்டிப்போட அந்த ஒரு வாக்குப் போதும். நம் வீடுகளிலும் எத்தனையோ மூத்த பெண்கள் இப்படி ஒரு வாக்கில் முடங்கியிருக்கிறார்கள்.

நார்த்தின் தந்தை வீட்டில் அடைந்து கிடப்பவர் அல்லர் என்பது மகளின் நல்லூழ். இருவரும் ஐரோப்பாவெங்கும், பிறகு எகிப்து, சிரியா வரை பயணம் செய்தார்கள். போன இடமெல்லாம் மகள் நீர்வண்ணத்தில் வரைந்தார். 1867இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ராபர்ட் டவ்லிங் என்ற ஓவியர் எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொடுத்தார். அதன்பின் அவர் நீர்வண்ணத்துக்குத் திரும்பவே இல்லை எனலாம். பெண்களுக்குரியதாக ஒதுக்கப்பட்ட ஊடகத்தை விட்டு, ஆண் ஓவியர்களின் ஊடகத்தில் அதே பூக்களை வரையத் தொடங்கினார். வெள்ளைத் தாளில் தனித்துக் கிடக்கும் பூவை அவர் வரையவில்லை. பூ தான் வளரும் இடத்தில், பின்னே மலையும் வானமும் தெரிய, பூச்சிகளும் பறவைகளும் சுற்றிவர நிற்கிறது. தாவரவியலாளர்களின் படங்களோடு சேர்த்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே தெரியும்.

1869இல் தந்தை இறந்தார். மரியானுக்கு முப்பத்தொன்பது வயது. அவர் உலகறிந்த பயணங்கள் யாவும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. 1871இல் வட அமெரிக்காவும் ஜமைக்காவும், அடுத்துப் பிரேசில், பின் ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை, இந்தியா. டார்வினே சொன்னதன் பேரில் 1880இல் ஆஸ்திரேலியா. கடைசியாகத் தென்னாப்பிரிக்கா, செஷல்ஸ், சிலி.

பணம்

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல், பெண் எழுதுவதற்குப் பணமும் சொந்த அறையும் வேண்டும் என்று சொன்னார். நார்த்துக்குப் பரம்பரைச் சொத்து வந்தது. அந்தச் சொத்து அவர் கையிலேயே தங்கியதற்கு அவர் மணமாகாதவர் என்பது முக்கியக் காரணம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, தனியே அறக்கட்டளை ஏற்பாடு எதுவும் செய்யாவிட்டால் மனைவியின் சொத்து பெரும்பாலும் கணவனின் ஆளுகைக்குள் போய்விடும். 1870இல் வந்த சட்டம் சிறிது தளர்த்தியது. 1882ஆம் ஆண்டுச் சட்டம்தான் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின்மீது முழு உரிமை தந்தது. திருமணத்தின்மீது நார்த் கொண்டிருந்த அவநம்பிக்கையை மனநிலையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. அதற்குள் ஒரு கணக்கும் இருந்தது.

அதே காலத்துத் தஞ்சாவூரில் இன்னொரு சொத்து வழக்கு நடந்து முடிந்திருந்தது. 1855இல் மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அரசு அழிந்துபட்டதென்று அறிவித்த கிழக்கிந்தியக் கம்பெனி, அரண்மனைக்குள் இருந்த தனிச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை, வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கம்பெனி செய்தது ஓர் அரசின் செயல், அதை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859இல் தீர்ப்பு வந்தது. பின்னாளில் தனிச் சொத்தின் ஒரு பகுதியை அரசாங்கம் விதவை அரசியருக்குத் திருப்பித் தந்ததும் உரிமை என்ற பெயரில் அல்ல, கருணை என்ற பெயரில்தான்.

இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் அரசின் செயல் என்ற கோட்பாட்டுக்காகப் படிக்கிறார்கள். அதைத் தொடுத்தவர் திரைக்குள் வாழ்ந்த ஒரு விதவை என்பதை நாம் பெண் வரலாறாகவும் படிக்க வேண்டும். ஒரே பேரரசின் கீழ், ஒருத்தி தந்தையின் சொத்தோடு உலகைப் பார்க்கப் புறப்பட்டாள். இன்னொருத்தி கணவனின் சொத்துக்காக அரண்மனைச் சுவருக்குள்ளிருந்து வழக்காடித் தோற்றாள்.

நார்த் வந்துபோன மதுரையில், அந்த ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்தில் குஞ்சரத்தம்மாள் என்ற தாசி தன் சொத்தை விற்றுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய கதை இன்றும் மக்கள் நினைவில் இருக்கிறது. குடும்பப் பெண்ணுக்கு இல்லாத சொத்துரிமை தாசிக்கு இருந்தது. கொடுப்பதற்குக்கூடக் கையில் ஏதேனும் தன்னுடையதாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சமபங்கு 1989இல்தான் சட்டமானது. அப்போதும் அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களை அது விட்டுவிட்டது. கல்யாணம் ஆகிவிட்டதா என்ற கேள்விக்கும் சொத்துக்கும் உள்ள உறவு ஹேஸ்டிங்ஸில் மட்டும் இருந்ததல்ல.

பாதை

பணம் இருந்தாலும் வழி வேண்டும். நார்த்தின் வழியைப் பேரரசு போட்டுக்கொடுத்தது. ஆளுநர்களுக்கும் ஆட்சியர்களுக்கும் எழுதிய அறிமுகக் கடிதங்கள் அவர் கையில் இருந்தன. கப்பலும் ரயிலும் துரைமார் பங்களாக்களும் அவருக்குத் திறந்திருந்தன. தனியாகப் பயணம் செய்தார் என்று சொல்லும்போது, சுமை தூக்கியவர்களையும் வண்டி ஓட்டியவர்களையும் சமைத்துப் போட்டவர்களையும் நாம் எண்ணிக்கையிலிருந்து நீக்கிவிடுகிறோம். ஓர் ஆங்கிலேயப் பெண்ணுக்கு அவள் நாட்டில் கிடைக்காத நடமாட்டச் சுதந்திரம் அடிமைப்பட்ட நாட்டில் கிடைத்தது. இந்த முரணை மறைத்துவிட்டு அவரைக் கொண்டாட முடியாது.

அவர் வந்த காலம் எப்படிப்பட்டது? 1876இல் பருவமழை பொய்த்துத் தொடங்கிய பஞ்சம் 1878 வரை நீண்டது. தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. காவிரிப் பாசனம் தஞ்சையை ஓரளவு காத்தது. ஆனால் சுற்றியிருந்த வானம் பார்த்த சீமைகளில் தானியம் இல்லை. இருந்த தானியத்தின் விலை கூலிக்காரருக்கு எட்டவில்லை. ரயில் வண்டிகள் நெல்லை விலை கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோயின. நார்த்தின் ஓவியங்களில் மனிதர்கள் பெரும்பாலும் இல்லை. இருக்கும் இடங்களிலும் மரத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோல்போலச் சிறிதாக நிற்கிறார்கள். செடியை அவ்வளவு கருணையோடு பார்த்த கண் மனிதரைத் தொலைவில் வைத்தது.

தஞ்சையில் அவருக்கு வழிகாட்டியவர் ஆர்தர் கோக் பர்னல். அங்கே நீதிபதியாக இருந்தவர், சமஸ்கிருத அறிஞர். அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அவர் தொகுத்த அட்டவணை 1880இல் வெளிவந்தது. தென்னிந்திய எழுத்துகளின் வரலாறு பற்றியும் நூல் எழுதியவர். ஹென்றி யூலோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி அவர் மறைவுக்குப் பின் 1886இல் வந்தது. இந்துக்களின் புனிதத் தாவரங்களைப் பற்றி அவர் எழுத, நார்த் வரைய, ஒரு நூல் கொண்டுவருவது என்பது இருவரின் திட்டம். நார்த் இந்தியாவில் வரைந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் அத்திட்டத்துக்கான படங்களும் உண்டு. ஆனால் பர்னல் 1882இல், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார். புத்தகம் வரவில்லை.

வராத புத்தகத்தில் யார் இருந்திருப்பார்கள்?

அந்த நூல் வந்திருந்தால் தஞ்சை வட்டாரத்தின் செடிகொடிகளுக்கு அழகிய நூலொன்று கிடைத்திருக்கும். மரத்தின் பேரால் ஊர் அமைந்த நாடு இது. மருதமரம் திருவிடைமருதூருக்கும், பனை திருப்பனந்தாளுக்கும், தில்லைமரம் சிதம்பரத்தின் பழம்பெயருக்கும் காரணம். பெரிய கோயிலுக்குத் தலமரம் வன்னி. எழுதவும் வரையவும் நிறையவே இருந்தது.

ஆனால் புனிதம் என்பது ஒரு சல்லடை. அதில் தங்குபவை துளசியும் வில்வமும் அரசும் தாமரையும். விழுந்துவிடுபவை வேறு. டெல்டாவின் நாற்றங்காலிலும் வயலிலும் குனிந்து நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களில் மிகப்பலர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள். நடவும் களையெடுப்பும் அவர்கள் வேலை. களை எடுக்கக் கை மட்டும் போதாது, செடியை அடையாளம் காணும் கண்ணும் வேண்டும். நெல்லைப் போலவே தோற்றம் காட்டி நெல்லோடு வளரும் களைக்கு நெற்சக்களத்தி என்று ஒரு பெயர் வழங்குகிறது. கதிர் வரும் முன்பே அதைப் பிரித்தறிவது தாவரவியல் அறிவுதான். அந்தப் பெயருக்குள் ஒரு குடும்பத்தின் கதையே இருக்கிறது. வரப்பில் கிடக்கும் ஆரை, வல்லாரை, பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி இவற்றில் எது கறிக்கு, எது மருந்துக்கு, எது பிள்ளை பெற்றவளுக்கு என்று அறிந்தவர்களும் அவர்களே. கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட அவர்களின் செடிகள், கோயிலையும் சாத்திரத்தையும் அளவாகக் கொண்ட பட்டியலில் எப்படி இடம்பெறும்?

சுவர்

நார்த்துக்கு முன்பே இதே கடற்கரையில் ஒரு தாவர ஓவியர் வேலை செய்திருக்கிறார். ஸ்காட்லாந்து மருத்துவர் ராபர்ட் வைட் 1828 முதல் 1831 வரை நாகப்பட்டினத்தில் பணியில் இருந்தார். செடிகளைச் சேகரித்தார், அவரிடம் வேலை செய்த ரங்கையா அவற்றை நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்தப் படங்கள் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கருக்குப் போய் அங்கே அச்சேறின. 1840களின் நடுவில் ரங்கையாவின் இடத்துக்குக் கோவிந்து வந்தார். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட தொகுதிகளில் உள்ள இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுக்குப் பின்னே இந்த இரண்டு பேரின் கைகள் இருக்கின்றன. விக்டோரியா காலத்தின் புத்தக ஓவியர்கள் என்று பட்டியலிட்டால், இவர்களுக்கு இணையாக உழைத்தவர்கள் லண்டனிலும் அதிகம் இருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய பிறந்த ஊரையோ, குடும்பத்தையோ, அவர்களே சொன்ன ஒரு சொல்லையோ வைட்டின் நூல்களில் தேடிப் பயனில்லை.

நார்த் இந்த ஆபத்தை நன்றாக அறிந்தவர். தன் படங்கள் வேறொருவரின் நூலுக்குள் இணைப்பாகப் போய்விடக் கூடாது என்று முடிவெடுத்தார். 1879இல், வில்லியம் ஹூக்கரின் மகனும் க்யூ பூங்காவின் இயக்குநருமான ஜோசப் ஹூக்கருக்குக் கடிதம் எழுதினார். இடம் கொடுங்கள், என் செலவில் கட்டடம் கட்டி என் ஓவியங்களை வைக்கிறேன் என்பது அதன் சாரம். கட்டடத்தை வடிவமைத்தவர் இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் ஃபெர்குசன். எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை நார்த் தாமே வரிசைப்படுத்தி, இடைவெளியே இல்லாமல் சுவர் முழுக்க மாட்டினார். கீழே, தாம் சேகரித்து வந்த 246 வகை மரப்பலகைகளைப் பதித்தார். வருகிறவர்களுக்குத் தேநீரும் காப்பியும் தர விரும்பினார்; ஹூக்கர் மறுத்துவிட்டார். அதனால் வாசல் நிலைக்கு மேலே தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வரைந்துவைத்தார். 1882 ஜூன் மாதம் மக்களுக்குத் திறக்கப்பட்ட அந்தக் காட்சிக்கூடம் இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலும் அங்கே ஒரு சுவரில் இருக்கிறது.

1890இல் அவர் இறந்தார். எழுதிவைத்திருந்த தன்வரலாற்றை அவர் தங்கை கேத்தரின் பதிப்பித்து 1892இல் வெளியிட்டார். சொந்தச் சுவர், சொந்தச் சொல் இரண்டும் இருந்ததால் அவர் மறக்கப்படவில்லை.

தாவரங்களுக்கு இட்ட பெயர்களிலும் இதே கதை தொடர்கிறது. போர்னியோவில் நார்த் வரைந்த குடுவைத் தாவரம் அதுவரை அறிவியலுக்குத் தெரியாதது. ஹூக்கர் அதற்கு நெப்பந்தஸ் நார்தியானா என்று பெயரிட்டார். செஷல்ஸ் தீவின் மரம் ஒன்றின் பேரினமே நார்தியா ஆனது. வைட்டும் நன்றி மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் செடிக்குத் தன் ஓவியரின் பெயரால் கோவிந்தூயியா என்று பேரினப் பெயர் வைத்தார். ஆனால் அந்தச் செடி முன்பே விவரிக்கப்பட்ட டிரோப்பிடியா என்ற பேரினத்துக்குள் அடங்குமென்று பிற்காலத்தவர் முடிவு செய்தார்கள். வகைப்பாட்டு விதி அது. எவருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆனாலும் நார்தியா வழக்கில் இருக்கிறது, கோவிந்தூயியா அடிக்குறிப்பாகிவிட்டது. கோவிந்துவுக்கு அந்த ஒரு பெயரைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. நார்த்துக்குச் செடி போனாலும் கட்டடம் இருந்திருக்கும்.

உதிர்ந்த பெயர்கள்

தமிழ் படிக்கும் மாணவியருக்குத் தொண்ணூற்றொன்பது பூக்கள் என்றதும் குறிஞ்சிப்பாட்டு நினைவுக்கு வரும். கபிலர் பாட்டுதான், ஆனால் அதில் அத்தனை பூக்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறவள் தோழி. மலைச்சாரலில் தானும் தலைவியும் பறித்துக் குவித்த பூக்களை அவள் செவிலித்தாயிடம் சொல்கிறாள். பெண் பெண்ணுக்குச் சொல்லும் தாவரப் பட்டியல் அது. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் கண்ணும், ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரிந்த நாவும் பெண்களுடையவை என்பதில் கபிலருக்கு ஐயமில்லை.

நார்த்தின் காட்சிக்கூடம் எழுந்த அதே ஆண்டுகளில், கும்பகோணம் கல்லூரியில் உ.வே. சாமிநாதையர் தமிழாசிரியராக இருந்தார். அவர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தது 1889இல். ஏடுகளில் குறிஞ்சிப்பாட்டின் பூக்கள் சிலவற்றின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தேடித் தேடி, தருமபுரம் ஆதீனத்துச் சுவடியில் அவற்றைக் கண்டெடுத்தார். சில பூக்களின் பெயருக்காக ஒரு மனிதர் அவ்வளவு அலைந்திருக்கிறார். அந்தத் தேடலை நாம் ஏடுகளோடு நிறுத்திவிட்டோம். பூவைச் சொன்ன பெண்களின் பெயர்களை யாரும் அப்படித் தேடவில்லை.

நார்த்தைக் குறைசொல்லி ஒதுக்குவதால் அந்தப் பெயர்கள் கிடைக்கப் போவதில்லை. காத்திருக்காமல், யாருடைய நூலுக்கும் துணைப்படமாகச் சுருங்காமல், தன் வேலைக்குத் தானே சுவர் எழுப்பிக்கொண்டவர் அவர். அந்தத் துணிவு நமக்கு வேண்டும். அந்தச் சுவருக்கான பணமும் பாதையும் எங்கிருந்து வந்தன என்று கேட்கும் நேர்மையும் வேண்டும். இந்த இரண்டையும் கைக்கொண்டு மாணவியர் செய்யக்கூடிய வேலை பக்கத்திலேயே கிடக்கிறது. களையெடுக்கும் பெண்கள் அறிந்த செடிகளைப் பெயரோடும் படத்தோடும் எழுதி வையுங்கள். அந்தப் பக்கத்தின் அடியில், சொன்னவரின் பெயரை அவர் சம்மதத்தோடு, ஊரோடு சேர்த்து எழுதுங்கள். விதையும் நாற்றும் மாறிக்கொண்டிருக்கும் டெல்டாவில் அதற்கு அதிக காலம் மிச்சமில்லை.